பற்றரி விளக்கு எரிகிறதா? பதறாதீர்கள்!



காலை 7 மணி. பிள்ளைகள் சீருடையோடு காரின் பின் ஆசனத்தில் ஏறிவிட்டார்கள். திறப்பைத் திருப்புகிறீர்கள். வழமையான சத்தம் வரவில்லை. 'டிக், டிக்' என்று ஏதோ முனகிவிட்டு அடங்கிப் போகிறது. அல்லது, இரவு உம்மா வீட்டிலிருந்து திரும்பி வரும் வழியில் மீட்டர் பலகையில் சிறு பெட்டி வடிவிலான சிவப்பு விளக்கொன்று திடீரென எரிகிறது. என்ன செய்வீர்கள்?

நம்மில் அநேகர் உடனே தொலைபேசியைத்தான் தேடுவோம். கணவர் பக்கத்தில் இருந்தால் பரவாயில்லை. அவர் கட்டாரிலோ சவூதியிலோ தொழில் செய்பவராக இருந்தால்? நானாவோ தம்பியோ வந்து பார்த்துவிட்டு, "பற்றரி போய்விட்டது, புதிது போட வேண்டும்" என்பார். பணத்தை எண்ணிக் கொடுத்துப் புதிய பற்றரி போடுவோம். இரண்டு வாரத்தில் அதே தொல்லை மறுபடியும் வந்து நிற்கும்! ஏன்? பழுது பற்றரியில் இருக்கவே இல்லை.

காரின் மின்சாரத்தில் வரும் தொல்லைகள் பெரும்பாலும் மூன்றே வகை. அவற்றுள் எது என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. வீட்டின் கூரைக்கு மேலிருக்கும் தண்ணீர்த் தாங்கியைக் கவனிக்கத் தெரிந்த எவருக்கும் இது விளங்கும்.

பெண்ணின் கையில் காரைக் கொடுத்த பெட்டி

உலகின் முதலாவது நெடுந்தூரக் கார்ப் பயணத்தைச் செய்தவர் ஒரு தாய் என்பது உங்களுக்குத் தெரியுமா? 1888 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், ஜேர்மனியில் பேர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி தமது இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு, கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கரக் காரில் மன்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் வரை 100 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிச் சென்றார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தித் திறந்தவரும் அவரே.

ஆனால் அன்றைய காரை ஸ்டார்ட் செய்ய, பின்புறமிருந்த பாரமான சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டியிருந்தது. பிறகு வந்த கார்களில் முன்பக்கமாக இரும்புக் கைபிடி ஒன்றைச் செருகிச் சுற்றினார்கள். என்ஜின் எதிர்ப்பக்கமாக உதைத்தால் அந்தக் கைபிடி திரும்பி அடித்து மணிக்கட்டு முறிந்துவிடும். பலசாலிகளே அஞ்சிய வேலை அது! 1912 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கடிலக் கார்களில் சார்ள்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டு விற்பனைக்கு வந்தது. அதன் பின்னரே, உடல் பலம் எவ்வளவு என்று பாராமல் யாரும் காரை எடுத்துப் போகும் காலம் பிறந்தது. அந்த ஸ்டார்ட்டருக்குச் சக்தி கொடுப்பது பொனட்டுக்குள் இருக்கும் பற்றரிதான். ஆகவே, அதைப் பற்றி அறிந்திருப்பது ஆண்களின் வேலை என்று ஒதுங்கிவிட எமக்கு நியாயமில்லை.

தண்ணீர்த் தாங்கி, மோட்டர், குழாய்

ஈயத் தகடுகளையும் அசிட்டையும் கொண்ட இந்த வகைப் பற்றரியை 1859 ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் கஸ்டன் பிளான்டே கண்டுபிடித்தார். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. உள்ளே 6 அறைகள். நிறைந்திருக்கும்போது ஒவ்வோர் அறையும் சுமார் 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்து 12.6 வோல்ட். இதைத்தான் '12 வோல்ட் பற்றரி' என்கிறோம்.

இனி உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். தாங்கிதான் பற்றரி. கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் மோட்டர்தான், என்ஜின் ஓடும்போது பெல்ட்டினால் சுழலும் 'ஆல்டர்னேட்டர்'. சில மெக்கானிக்மார் இதை இன்னும் டைனமோ என்றே சொல்வார்கள். வீட்டிலுள்ள குழாய்கள்தான் ஹெட்லைட், ஏ.சி., ஹோன், வைப்பர், ரேடியோ எல்லாம்.

தாங்கி காலியாகிவிட்டது என்றால் காரணம் என்னவாக இருக்கும்? ஒன்று, தாங்கி பழுதடைந்து தண்ணீரைப் பிடித்து வைக்காமல் இருக்கும். இரண்டு, மோட்டர் வேலை செய்யாமல் தண்ணீர் ஏறாமல் இருக்கும். மூன்று, யாரோ குழாயைத் திறந்தபடி விட்டிருப்பார்கள். காரிலும் இவ்வளவுதான். மோட்டர் பழுதாகியிருக்கும்போது புதுத் தாங்கி வாங்கி வைத்து என்ன பயன்?

சிவப்பு விளக்கு என்ன சொல்கிறது?

திறப்பை 'ஒன்' நிலைக்குத் திருப்பியதும் அந்தச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிட வேண்டும். அதுவே ஒழுங்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது அது எரிந்தால், 'தாங்கிக்குத் தண்ணீர் ஏறவில்லை' என்பதே அதன் பொருள். அதாவது குறை பெரும்பாலும் ஆல்டர்னேட்டரிலோ, அதைச் சுழற்றும் பெல்ட்டிலோ, இணைக்கும் வயரிலோ இருக்கும். விளக்கின் உருவம் பற்றரியைப் போல இருப்பதால்தான் எல்லோரும் பற்றரியைக் குறை சொல்கிறார்கள்.

அந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியவை:

முதலில் ஏ.சி., ரேடியோ, தொலைபேசி சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இரவென்றால் ஹெட்லைட்டை மட்டும் ஒருபோதும் அணைக்காதீர்கள்.

அடுத்து, வெப்பத்தைக் காட்டும் முள்ளைப் பாருங்கள். பல கார்களில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் அதே பெல்ட்தான் என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. முள் மேலே ஏறினாலோ, வெப்ப விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ பெல்ட் அறுந்திருக்கலாம். பாதையோரம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் என்ஜினே வெந்து போகும்.

முள் சரியாக இருந்தால், என்ஜினை நிறுத்தாமல் அருகிலுள்ள கராஜுக்கோ, வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்துக்கோ போய்விடுங்கள். நல்ல பற்றரியானால் பகலில் சுமார் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம். இரவில், மழையில், வைப்பரும் ஓடினால் அதைவிடக் குறைவு. 'வீடு வரை போய்விடலாம்' என்று நீண்ட பயணத்தைத் தொடராதீர்கள். பற்றரி முழுதாக வற்றியதும் என்ஜின் தானாக நின்றுவிடும். ஸ்டியரிங் பாரமாகிவிடும், பிரேக்கும் இறுகிப் போகும். கடுகண்ணாவை இறக்கத்திலோ வேறேதும் மலைப்பாதையிலோ அது நடந்தால் எவ்வளவு ஆபத்து!

ஸ்டார்ட் ஆகவில்லையென்றால்...

இது வேறு சங்கதி. காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

'டிக் டிக் டிக்' என்று வேகமாகச் சத்தம் வந்து, மீட்டர் விளக்குகளும் மங்கினால் பற்றரியில் சக்தி இல்லை. அல்லது அதன் முனையில் வயர் தளர்ந்திருக்கிறது. 'டொக்' என்று ஒரேயொரு சத்தம் மட்டும் வந்து, விளக்குகள் பிரகாசமாகவே இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டரைச் சந்தேகிக்கலாம். சத்தமே இல்லையென்றால், ஓட்டோ கியர் கார் 'பீ' நிலையில் இருக்கிறதா, பிரேக்கை மிதித்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். என்ஜின் நன்றாகச் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால், குறை பெற்றோலிலோ வேறெதிலுமோ இருக்கும். பற்றரியைத் தொட வேண்டாம்.

திறப்பைத் திருப்பியபடி நீண்ட நேரம் பிடித்திருக்காதீர்கள். 5 முதல் 10 வினாடி போதும். பிறகு ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள்.

வேறொரு காரின் உதவியால்

பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்வதை எல்லோரும் பார்த்திருப்போம். ஆனால் அதன் ஒழுங்கைப் பலர் அறிய மாட்டார்கள். பற்றரி சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வெளியாகும். ஒரு தீப்பொறி பட்டால் பற்றரியே வெடித்து அசிட் முகத்தில் தெறிக்கக்கூடும். ஆகவே ஒழுங்கு முக்கியம்.

இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரண்டையும் அணைத்துவிடுங்கள். பிறகு:

1. சிவப்பு வயரின் ஒரு முனையை உங்கள் காரின் வற்றிய பற்றரியின் பிளஸ் முனையில் கொளுவுங்கள்.

2. சிவப்பு வயரின் மறு முனையை நல்ல பற்றரியின் பிளஸ் முனையில் கொளுவுங்கள்.

3. கறுப்பு வயரின் ஒரு முனையை நல்ல பற்றரியின் மைனஸ் முனையில் கொளுவுங்கள்.

4. கறுப்பு வயரின் மறு முனையை உங்கள் பற்றரியில் கொளுவ வேண்டாம். என்ஜினில் பெயின்ற் இல்லாத உறுதியான இரும்புப் பகுதியொன்றில், பற்றரிக்குத் தூரமாகக் கொளுவுங்கள். கடைசியாகக் கொளுவும் இடத்தில்தான் பொறி பறக்கும். அது பற்றரியின் பக்கத்தில் பறக்கக்கூடாது.

இப்போது நல்ல காரை ஸ்டார்ட் செய்து சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். பின்னர் உங்கள் காரை ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றும்போது 4, 3, 2, 1 என்று பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். பிளஸ்ஸும் மைனஸும் மாறிவிட்டால் காரின் கணினிப் பெட்டிகள் எரிந்துவிடும். நிறத்தை மட்டும் நம்பாமல், பற்றரியின் மேலுள்ள அடையாளத்தைப் படித்துப் பாருங்கள். 'தள்ளி ஸ்டார்ட் பண்ணுவோம்' என்று அயலார் முன்வந்தால், ஓட்டோ கியர் காருக்கு அது சரிவராது என்று சொல்லிவிடுங்கள்.

ஹைபிரிட் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு

பிரியஸ், அக்குவா, வெசல் போன்ற ஹைபிரிட் கார்கள் நமது வீடுகளில் நிறையவே உண்டு. அவற்றில் பெரிய ஹைபிரிட் பற்றரிக்குப் புறம்பாகச் சிறிய 12 வோல்ட் பற்றரியும் இருக்கிறது. காரை 'எழுப்புவது' இந்தச் சிறியதுதான். இது வற்றினால் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கார் அசையாது; கதவுகூடத் திறக்காது! ரிமோட்டுக்குள்ளே மறைந்திருக்கும் சிறு இரும்புத் திறப்பை எங்கே எடுப்பது என்று இன்றே பார்த்து வையுங்கள். சிறிய பற்றரி பல ஹைபிரிட்களில் பின் ஆசனத்துக்குக் கீழோ, பொருட்கள் வைக்கும் டிக்கியிலோ இருக்கும். எங்கே என்பதைக் காரின் கைநூல் சொல்லும்.

மூன்று விடயங்களை நினைவில் வையுங்கள். செம்மஞ்சள் நிறத்திலுள்ள தடித்த வயர்கள் உயிராபத்தான மின்சாரம் ஓடுபவை. அவற்றைத் தொடவே கூடாது. உங்கள் ஹைபிரிட்டிலிருந்து வேறொரு காருக்கு ஜம்பர் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது ஏ.சி. தேவையென்றால் 'ரெடி' விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். 'ரெடி' இல்லாமல் ரேடியோவும் விளக்கும் போட்டிருந்தால் சிறிய பற்றரிதான் வற்றும்.

சொல்லும் கேள்வியும்

ஒரு சிறிய மல்டிமீட்டரை மின்சாரப் பொருட்கள் விற்கும் கடைகளில் வாங்கலாம். அதை நேர்மின்னோட்டத்தின் 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் தொட்டால் இலக்கம் தெரியும். காய்ச்சல் பார்ப்பதைவிடக் கடினமானதல்ல.

இரவு முழுவதும் நின்ற காரில், காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் பாருங்கள். 12.6 என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால்வாசி. 12.2 என்றால் பாதி. 12.0 அல்லது அதற்குக் கீழ் என்றால் வற்றும் நிலை.

பிறகு, என்ஜின் ஓடும்போது பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. 12 இல் நின்று கீழிறங்கிக்கொண்டே போனால் தண்ணீர் ஏறவில்லை. புதுப் பற்றரி வாங்கிப் பயனில்லை. 15 ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி ஏறுகிறது. பற்றரி வெந்து போகும். அண்மைக்காலத்து மொடல்கள் சிலவற்றில் கணினியே இதைக் கூட்டிக் குறைக்கும். அப்படியானவற்றைக் கராஜில் காட்டிக் கேளுங்கள்.

மூன்றாவதாக, வேறொருவர் ஸ்டார்ட் செய்யும் அந்தக் கணத்தில் பாருங்கள். 9.6 க்குக் கீழே விழுந்தால், நிறைந்த பற்றரியாக இருந்தும் அது களைத்துவிட்டது என்று அர்த்தம்.

மாலையில் நிறைந்திருந்தது, காலையில் வற்றிவிட்டது என்றால்? தாங்கி ஒழுகுகிறதா, குழாய் திறந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழியொன்று உண்டு. மைனஸ் வயரை மட்டும் ஓரிரவு கழற்றிவிடுங்கள். காலையிலும் 12.6 க்குக் கிட்டவே இருந்தால் பற்றரி நல்லது. காரில் ஏதோ ஒன்று இரவெல்லாம் மின்சாரத்தைக் குடிக்கிறது. டிக்கி விளக்கு, கமெரா, பிறகு பூட்டிய அலாரம் என்று தேட வேண்டும். கழற்றியும் வற்றியிருந்தால் பழுது பற்றரியில்தான். கழற்றுமுன் ஒரு கதவுக் கண்ணாடியை இறக்கி வையுங்கள். திறப்பைக் காருக்குள் விடாதீர்கள். பற்றரி டிக்கியிலிருந்தால் டிக்கியை மூடிவிடாதீர்கள். மறுபடி திறக்க முடியாமல் போகும்.

இந்த இலக்கங்களைத் தெரிந்துகொண்டு கராஜுக்குப் போய்ப் பாருங்கள். "தாத்தா, பற்றரி மாத்தணும்" என்று மெக்கானிக் தம்பி சொன்னால், "சரி தம்பி, மாற்றுவோம். அதற்கு முதல், என்ஜின் ஓடும்போது எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பார்த்துச் சொல்லுங்களேன்" என்று கேளுங்கள். நேர்மையானவர் மகிழ்ச்சியோடு பார்த்துச் சொல்வார். மற்றவரும் உங்களிடம் கவனமாக நடந்துகொள்வார். ஒரேயொரு கேள்வி, வீட்டுச் செலவில் ஒரு பெருந்தொகை மிச்சம்!

மாதம் ஒருநாள், பத்து நிமிடம்

பற்றரியின் பெரும் எதிரி வெப்பம். 10 பாகை செல்சியஸ் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழில்நுட்பவியலாளர்களின் பொதுக் கணக்கு. நுவரெலியாவின் குளிரில் காலை நேரத்தில் பற்றரி சற்றுச் சோம்பினாலும், அதன் ஆயுளைக் குடிப்பது காத்தான்குடி, மன்னார், புத்தளம் போன்ற ஊர்களின் வெயில்தான். முடிந்தவரை நிழலில் நிறுத்துங்கள். மூன்று வருடம் தாண்டிய பற்றரியை ஆறு மாதத்துக்கொரு தடவை சோதியுங்கள்.

கரையோர ஊர்களில் உப்புக்காற்றினாலும் முனைகள் அரிக்கும். பற்றரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், மின்சாரம் ஒழுங்காகப் போகாது. ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு மேசைக் கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து, பழைய பல் தூரிகையால் தேயுங்கள். நுரை வந்து அடங்கும். தண்ணீர் அறைகளின் மூடிகள் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். சோடா உள்ளே போகக்கூடாது. பிறகு நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, வயரை இறுக்கி, மேலே மெல்லியதாக வாஸ்லின் பூசுங்கள். வயரைக் கழற்ற வேண்டியிருந்தால் மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுங்கள். அப்போதுதான் ஸ்பேனர் காரின் உடம்பில் பட்டாலும் பொறி பறக்காது.

மூடி உள்ள பற்றரியானால் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். தகடுகள் எப்போதும் மூடியிருக்க வேண்டும். குறைந்தால் பற்றரிக்கென விற்கும் வடித்த நீரை மட்டும், குறியிட்ட அளவு வரை விடுங்கள். கிணற்றுத் தண்ணீரோ குடிநீர்ப் போத்தலோ கூடாது. அவற்றிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அசிட் ஒருபோதும் சேர்க்காதீர்கள். மூடியில்லாத பற்றரிகளுக்குத் தண்ணீர் விடும் வேலை இல்லை. அவற்றில் சிலவற்றின் மேல் கண் போன்ற சிறு கண்ணாடி இருக்கும். பச்சை தெரிந்தால் நல்லது என்பார்கள். ஆனால் அது ஆறு அறைகளில் ஒன்றை மட்டுமே காட்டுகிறது.

பற்றரி அதன் இருப்பிடத்தில் ஆடாமல் இறுக்கமாக இருக்கிறதா என்றும் அசைத்துப் பாருங்கள். குண்டும் குழியுமான பாதையில் ஆடும் பற்றரியின் தகடுகள் உதிர்ந்துவிடும்.

ஓடாமல் நிற்கும் காரின் பற்றரிதான் விரைவில் சாகும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும், 2022 இல் பெற்றோல் இல்லாமல் போனபோதும் வாரக்கணக்கில் நின்ற கார்களை நினைத்துப் பாருங்கள். கிழமைக்கு ஒரு தடவையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள். வாசலில் நின்றபடி ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதால், ஸ்டார்ட்டர் குடித்த சக்தியே முழுதாகத் திரும்பி வராது. உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ வாரக்கணக்கில் போகிறீர்கள் என்றால் மைனஸ் வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். ஹைபிரிட் என்றால் கைநூல் சொல்வதைப் பாருங்கள். முழுதாக வற்றிய பற்றரியை, ஓட்டிச் சரிசெய்யலாம் என்று விட்டுவிடாமல், பற்றரிக் கடையில் கொடுத்து மெதுவாகச் சார்ஜ் செய்து எடுப்பதே அதற்கும் ஆல்டர்னேட்டருக்கும் நல்லது.

காப்பும் மோதிரமும் கவனம்!

பொனட்டைத் திறக்கும் முன் காப்பு, மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். தங்கம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். காப்பு ஒரு பக்கம் பிளஸ்ஸிலும் மறுபக்கம் இரும்பிலும் பட்டால் கண் இமைக்கும் நேரத்தில் அது பழுக்கக் காய்ந்து தோலைச் சுட்டுவிடும். அபாயாவின் கையையும் ஷோலையும் சாரி முந்தானையையும் ஒதுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். ஓடும் பெல்ட் துணியைப் பிடித்தால் விடாது. என்ஜின் அணைந்திருந்தாலும் முன்னாலுள்ள மின்விசிறி திடீரெனச் சுழலக்கூடும். றப்பர் கையுறை அணியுங்கள். அசிட் கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடமளவு விடாமல் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தாய்மார் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பற்றரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பழைய பற்றரியைப் பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலோ கோழிக்கூட்டின் பக்கத்திலோ போட்டு வைக்காதீர்கள். பழைய இரும்பு வாங்க வருபவர் அசிட்டை உங்கள் வாசல் மண்ணில் ஊற்றிவிட்டு வெறும் பெட்டியைக் கொண்டுபோக இடமளிக்காதீர்கள். அந்த மண்ணில் கலந்த ஈயம் அங்கேயே கிடக்கும். புதிய பற்றரி வாங்கும்போது பழையதைக் கடையில் ஒப்படையுங்கள். அதற்கொரு தொகையை விலையில் கழித்தும் கேட்கலாம். பற்றரி வேலை செய்து வீடு வரும் பிள்ளையோ கணவரோ இருந்தால், உடை மாற்றிக் கைகால் கழுவிய பின்பே குழந்தையைத் தூக்கச் சொல்லுங்கள்.

வாங்கும் நாளில்

சோதித்துப் பார்த்து, பற்றரிதான் பழுது என்று உறுதியானால் தயங்காமல் மாற்றுங்கள். கைநூலில் சொன்ன அதே அளவும் வகையுமாக இருக்கட்டும். பிளஸ் முனை எந்தப் பக்கம் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். உற்பத்தித் திகதியைக் கேளுங்கள். கடையில் நெடுநாள் கிடந்த பற்றரி, பெட்டி புதிதானாலும் உள்ளே பழையதே. உத்தரவாத அட்டையில் திகதியும் முத்திரையும் இட்டு வாங்கிக் கொள்ளுங்கள். பூட்டி முடிந்ததும் என்ஜினை ஓடவிட்டு வோல்ட் பார்க்காமல் கடையை விட்டு நகராதீர்கள்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி திறக்கப்பட்டது. ஆகவே நம்மிற் பலர் ஓட்டுவது வயதான கார்கள். வயதானவர்களைப் போலவே அவற்றுக்கும் நாளாந்தம் சற்றுக் கவனிப்பு வேண்டும். ஒரு ஜம்பர் வயர், ஒரு கையுறை, ஒரு டோர்ச், ஒரு மல்டிமீட்டர், நம்பிக்கையான மெக்கானிக்கின் தொலைபேசி இலக்கம் எழுதிய ஒரு துண்டுக் கடதாசி... இவ்வளவையும் ஒரு பையில் போட்டு டிக்கியில் வையுங்கள். ஹைபிரிட் என்றால் பற்றரி வற்றியபோது டிக்கியும் திறக்காமல் போகலாம். அந்தப் பையை ஆசனத்தின் கீழே வையுங்கள்.

அடுத்த தடவை பொனட்டைத் திறக்கும்போது உங்கள் மகளையும் பக்கத்தில் கூப்பிட்டுக் கொள்ளுங்கள். தாங்கி எது, மோட்டர் எது, குழாய் எது என்று அவளுக்குக் காட்டுங்கள். நாளை ஓரிரவு, எங்கோ ஒரு பாதையில் அந்தச் சிவப்பு விளக்கு எரியும்போது அவள் பதறமாட்டாள்.